கரை மட்டும் எஞ்சிய ஏரி

அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் நகரத்தின் கிழக்கே எழுந்து நிற்கும் வாசாட்ச் மலைத்தொடரின் சரிவுகளில் சில கோடுகள் தெரிகின்றன. யாரோ மட்டம் பிடித்து வரப்புக் கட்டியதுபோல், மலையின் இடுப்பைச் சுற்றி ஒரே உயரத்தில் அவை நெடுந்தொலைவு ஓடுகின்றன. மேலே ஒன்று, அதற்குக் கீழே மற்றொன்று, இன்னும் கீழே சில. மனிதர் எவரும் அவற்றை வெட்டவில்லை. அலைகள் மோதி மோதி அரித்த தடங்கள் அவை. ஒரு காலத்தில் அந்த உயரத்தில் ஓர் ஏரியின் கரை இருந்தது. ஏரி போய்விட்டது, கரை மலைமேல் நிற்கிறது.

நிலவியலார் அதற்குப் போன்வில் ஏரி என்று பெயரிட்டுள்ளனர். கடைசிப் பனியூழியின்போது பெருகிய ஏரி அது. ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் அது நிரம்பி நின்றபோது அதன் பரப்பு சுமார் 51,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு என்று கொள்ளலாம். ஆழம் 300 மீட்டருக்கும் மேல். பின்னர் வடக்கே, இன்றைய ஐடகோ மாநிலத்தில் உள்ள ரெட் ராக் கணவாயில் கரை உடைந்தது. பெருவெள்ளம் பாய்ந்தோடி, ஏரியின் மட்டம் 100 மீட்டருக்கு மேல் இறங்கிற்று. எஞ்சியதைப் பின்வந்த வறண்ட காலம் குடித்துத் தீர்த்தது. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பகுதி வற்றிவிட்டது. அதன் மிச்சமாகக் கிடப்பதே பெரும் உப்பேரி. ஏனைய நிலமெல்லாம் வெண்ணிற உப்புவெளியும் புதர் முளைத்த பாலையுமாகக் கிடக்கின்றது.

நோவாவின் வெள்ளம் இதுதானோ என்று வாசகர் எவரேனும் கேட்கலாம். அன்று, இவ்வெள்ளம் அமெரிக்க நிலத்தோடு முடிந்துபோன ஒன்று. ஆயினும் நோவாவின் பெயர் இக்கட்டுரையில் பின்னால் ஒருமுறை வரவிருக்கிறது.

இந்த ஏரியை முறையாக ஆராய்ந்தவர் குரோவ் கார்ல் கில்பர்ட் என்னும் நிலவியலார். 1890-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் ஒரு செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. ஒரே காலத்தில், ஒரே நீர்மட்டத்தில் அமைந்த பழங்கரை, ஏரியின் ஓரத்து மலைகளில் ஓர் உயரத்திலும், நடுவே தீவுகளாக நின்ற மலைகளில் அதைவிட அதிக உயரத்திலும் காணப்பட்டது. நீர்மட்டம் வளையாது, வளைந்தது நிலமே என்று அவர் கண்டார். அவ்வளவு நீரின் சுமையால் அமுங்கிக் கிடந்த தரை, சுமை நீங்கியபின் மெல்ல மேலெழும்பியது. ஆழம் மிகுந்த நடுப்பகுதி அதிகம் அமுங்கியிருந்ததால் அதிகம் எழும்பிற்று. இல்லாத ஏரி எவ்வளவு கனமாயிருந்தது என்பதை இன்றும் அந்த நிலம் தன் உடம்பில் காட்டி நிற்கிறது.

இப்படிப்பட்ட ஒன்றைக் கலைஞன் எப்படிக் கையாளுவான்? இருந்த ஏரியை ஓவியமாகத் தீட்டிவிடலாம். இல்லாத ஏரியை என்ன செய்வது? 1970-களில் இக்கேள்விக்கு இருவர் அந்த ஏரிப்படுகையிலேயே விடை தேடினர். ராபர்ட் ஸ்மித்சன் ஒருவர். அவர் மனைவி நான்சி ஹோல்ட் மற்றொருவர். இருவரும் 1938-இல் பிறந்தவர்கள். அவ்விடத்தை நாம் மிதித்ததில்லை. புகைப்படங்கள், ஸ்மித்சன் எடுத்த குறும்படம், இருவரும் எழுதிய கட்டுரைகள் ஆகியவற்றின் துணையோடுதான் எழுதுகிறோம். ஆகவே நம் தீர்ப்புக்கு அந்த அளவு மதிப்பே உண்டு.

ஸ்மித்சனின் படைப்புக்கு 'ஸ்பைரல் ஜெட்டி' என்று பெயர். நம் கடற்கரை ஊர்களில் கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டித் 'தூண்டில் வளைவு' கட்டுகிறார்கள் அல்லவா? அதைப் போலவே கல்லையும் மண்ணையும் கொட்டிக் கட்டியதுதான். ஆனால் அது எதையும் தடுப்பதில்லை. படகு எதுவும் அதில் அணைவதும் இல்லை. பெரும் உப்பேரியின் வடகிழக்குக் கரையில் ரோசல் முனை என்னுமிடத்தில், கரையிலிருந்து நேரே நீருக்குள் சென்று, பிறகு நத்தையின் ஓடுபோல் தன்னுள் தானே சுருண்டு முடிகிறது. நீளம் 1,500 அடி. அகலம் 15 அடி. கொட்டப்பட்ட கரும்பாறையும் மண்ணும் 6,000 டன்னுக்கு மேல். 1970 ஏப்ரலில் கட்டப்பட்டது. தமிழில் நாம் அதனைச் சுருட்கரை என்று வழங்குவோம்.

முதன்முதலில் இதன் படத்தைக் கண்டபோது நாம் கொண்ட எண்ணம் மதிப்பானதன்று. பணம் மிகுந்த நாட்டில் பொழுது போகாதவர் ஆடும் ஆட்டம் என்றே எண்ணினோம். குறும்படத்தைப் பார்த்தபிறகுதான் அவ்வெண்ணம் சற்று அசைந்தது.

ஸ்மித்சன் அந்த இடத்தை அழகு நோக்கித் தேர்ந்தவர் அல்லர். பொலிவியா நாட்டின் செந்நிற உப்பேரிகளைப் பற்றிப் படித்துச் செந்நீரின்மேல் ஆசை கொண்டவர், அதே நிறம் யூட்டாவிலும் உண்டு என்று அறிந்து வந்தார். 1959-இல் இருப்புப்பாதைக்காக ஏரியின் குறுக்கே கல்மேடு போடப்பட்டது. ஏரி இரண்டாயிற்று. ஆற்றுநீர் வந்து கலவாத வடபகுதியில் உப்பு மிஞ்சி, கடல்நீரைவிடப் பன்மடங்கு கரிக்கும் நீராயிற்று. அதில் உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களும் பாசிகளும் பெருகி நீரைச் சிவக்க வைத்தன. அதாவது அவரைக் கவர்ந்த அந்தச் செம்மை பாதி இயற்கை, பாதி மனிதன் செய்த கோளாறு. பக்கத்திலேயே எண்ணெய் எடுக்க முயன்று கைவிட்டவர்களின் துருப்பிடித்த சாமான்கள் கிடந்தன. அவற்றையும் அவர் வெறுக்கவில்லை. மனிதனின் தோல்வியும் நிலத்தின் தேய்மானமும் ஒன்றாய்க் கிடக்கும் இடமே தமக்கு ஏற்ற இடம் என்று கருதினார்.

அந்த ஏரியின் நடுவே பெருஞ்சுழி ஒன்று இருப்பதாகவும், நிலத்தடி வழியாக அது பசிபிக் பெருங்கடலோடு இணைந்திருப்பதாகவும் பழைய கதை உண்டு. உப்புப் படிகங்கள் நுண்ணளவில் சுருள் சுருளாக வளர்வதும் அவர் அறிந்த செய்தி. கதையின் சுழியும் உப்பின் சுருளும் சேர்ந்து அவர் கையில் கல்லாயின. முதலில் வளைந்த கரையும் அதன் முனையில் ஒரு வட்டமுமாகக் கட்டி முடித்துவிட்டு, மனம் நிறையாமல் ஆட்களைத் திரும்ப அழைத்துச் சுருளாக மாற்றினார் என்கிறார்கள். இச்சிறு செய்தி நமக்கு அவர்மேல் மதிப்பை உண்டாக்கிற்று. டன் கணக்கில் பாறையைக் கொட்டிய பிறகும் "சரியில்லை" என்று சொல்லத் துணிந்தவர் வெறும் விளையாட்டுக்காரர் ஆகார்.

நம் வாசகர் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. இம்மனிதர் தொடக்கத்தில் துன்புறும் கிறிஸ்துவை ஓவியமாகத் தீட்டியவர். 1961-இல் உரோமை நகரில் அவருடைய கண்காட்சி நடந்தது. அக்காலத்து ஓவியங்களில் பாடுகளும் காயங்களுமே மிகுதி. பின்னர் அவ்வகை ஓவியங்களை அவர் விட்டுவிட்டார். செந்நீரில் கிடக்கும் சுருட்கரையைப் பார்த்து உடனே பழைய ஓவியங்களின் காயங்களை நினைவுகூர்வது எளிது. அப்படி எழுதிய திறனாய்வாளரும் இருக்கலாம். நாம் அவ்வழியில் செல்ல விரும்பவில்லை. ஒருவர் விட்டுச் சென்றதை அவர்மேல் மறுபடியும் சுமத்துவது திறனாய்வின் வேலையன்று.

நாம் குறைகாணும் இடம் வேறு. சுருட்கரையைப் பற்றி அவரே எடுத்த குறும்படத்தில் சூரியனின் தீப்பிழம்பு வருகிறது. புத்தகத்தாள்கள் காய்ந்த தரையில் விழுகின்றன. கல்லை அள்ளும் இயந்திரங்கள் உறுமுகின்றன. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டைனோசார் எலும்புக்கூடுகள் சிவப்பொளியில் காட்டப்படுகின்றன. இறுதியில் ஸ்மித்சனே சுருளின்மேல் ஓடுகிறார். மேலே ஹெலிகாப்டர் தொடர்கிறது. பார்ப்பவர் உள்ளத்தைப் பிடித்தாட்டும் காட்சிகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் டைனோசார் அங்கே எப்படி வந்தது? அவ்விலங்குகள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆயின. போன்வில் ஏரியோ நேற்றையது. அதன் கரையில் நீர் குடித்தவை மாமத யானை, கத்தூரி எருது, அமெரிக்காவில் அன்று வாழ்ந்த ஒட்டகம், குதிரை ஆகியவை. அவற்றின் எலும்புகள் அப்பகுதியிலேயே கிடைத்துள்ளன. அருங்காட்சியகத்துக்குச் சென்ற கலைஞர் அவற்றைத் தேடியிருக்கலாம். காலத்தின் ஆழத்தை உணர்த்தவே டைனோசாரைக் காட்டினார், கணக்குப் பார்க்கக் கூடாது என்று அவர் சார்பில் வாதிடுவர். அவ்வாதம் ஓரளவு செல்லும். எனினும், 'பழையது' என்றாலே எல்லாம் ஒன்று என்று கலந்துவிடும்போது இந்த ஏரி என்னும் தனி ஏரி மறைந்துவிடுகிறது. அதன் பழங்கரைகளை அலைகள் ஒவ்வொன்றாக, மட்டம் தவறாமல் வரைந்திருக்க, கலைஞர் எல்லாவற்றையும் ஒரே சேற்றில் குழைக்கிறார்.

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. டைனோசாரிலிருந்து மண்வாரி இயந்திரத்துக்குத் தாவும் அந்தக் குறும்படத்தில் நடுவே வாழ்ந்த மக்களுக்கு இடமில்லை. போன்வில் ஏரி வற்றிய காலந்தொட்டே அங்கே மனிதர் இருந்தனர். வெண்டோவர் என்னும் ஊருக்கு அருகில், பழைய ஏரிக்கரைக் குகை ஒன்றில் 10,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித வாழ்வின் எச்சங்கள் 1950-களிலேயே அகழ்ந்தெடுக்கப்பட்டுவிட்டன. ஷோஷோனி, கோஷூட் மக்கள் அந்நிலத்துக்கு உரியவர்கள். உப்பேரிக்கு நீர் கொண்டுவரும் ஆறுகளுள் பெரியது கரடியாறு. அதன் கரையில் 1863 ஜனவரி 29 அன்று ஷோஷோனி மக்கள் நூற்றுக்கணக்கில் படையினரால் கொல்லப்பட்டனர். சுருட்கரைக்குச் செல்லும் வழியில், 1869-இல் இருப்புப்பாதை இணைந்த இடத்து நினைவுச்சின்னம் நிற்கிறது. அதனை ஸ்மித்சன் தம் கட்டுரையில் குறிப்பிடுகிறார். கரடியாற்றைக் கடந்து வந்த நீரில் கல் கொட்டியவர், அந்த ஆற்றங்கரையை மட்டும் எண்ணவில்லை.

அண்மையில், 2022-இல், அந்த ஏரிப்படுகையின் மேற்குப் பகுதியில் விமானப்படைக்கு உரிய நிலத்தில் 88 காலடித் தடங்கள் கண்டறியப்பட்டன. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன், ஏரி வற்றியபின் எஞ்சிய சதுப்பில் வெறுங்காலோடு நடந்தவர்களின் தடங்கள். பெரியவர்களின் அடிகளோடு சிறு பிள்ளைகளின் அடிகளும் உண்டு. ஸ்மித்சன் சுருளின்மேல் ஓடும் காட்சியையும், ஒரு பிள்ளை சேற்றில் கால் பதித்து நடந்த இத்தடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். எதில் ஏரி அதிகம் தெரிகிறது என்று கேட்டால் நம் விடை தயங்காது.

1973 ஜூலையில், டெக்சாஸ் மாநிலத்தில் அடுத்த படைப்புக்கான இடத்தை வானிலிருந்து பார்வையிடும்போது விமானம் விழுந்து ஸ்மித்சன் இறந்தார். வயது 35. நான்சி ஹோல்ட் 2014 வரை வாழ்ந்தார்.

ஹோல்ட்டின் 'சன் டன்னல்ஸ்', அதாவது சூரியச் சுரங்கங்கள், சுருட்கரையின் மேற்கே, லூசின் என்னும் பாழடைந்த ஊருக்கு அருகில் இருக்கிறது. 1974-இல் அவரே அங்கே 40 ஏக்கர் நிலம் வாங்கினார். 1976-இல் வேலை முடிந்தது. படைப்பு என்று பார்த்தால் நான்கு காங்கிரீட் குழாய்கள். பெரிய சாலைப் பாலத்தடியில் பதிக்கும் குழாய்களை ஒத்தவை. ஒவ்வொன்றும் 18 அடி நீளம், 9 அடி விட்டம், 22 டன் எடை. மையத்தில் இடைவெளி விட்டுப் பெருக்கல் குறிபோல் கிடத்தப்பட்டுள்ளன. ஜூன் மாதத்தில் பகல் மிக நீண்டிருக்கும் நாள்களிலும், டிசம்பரில் மிகக் குறுகியிருக்கும் நாள்களிலும், எழுகதிரும் விழுகதிரும் இக்குழாய்களின் வாய்க்குள் நேராக வந்து நிற்கும்.

இதைக் கட்டத் தமக்கு உதவியவர்களை ஹோல்ட் 1977-இல் எழுதிய கட்டுரையில் பட்டியலிடுகிறார்: வானியலார், பொறியாளர், நில அளவையாளர், காங்கிரீட் தொழிலாளர் என்று நீள்கிறது அது. கலைஞர்கள் இப்படிக் கணக்குக் கொடுப்பது அரிது. அதே கட்டுரையில் அவர் சுற்றியுள்ள மலைகளின் கோடுகளையும் பேசுகிறார். தாம் நிற்கும் இடம் ஏரியின் அடித்தளம் என்பதை அவர் மறக்கவே இல்லை. இங்குதான் இருவரும் வேறுபடுகிறார்கள். ஸ்மித்சன் ஏரிக்குள் ஒரு வடிவத்தைப் புகுத்தினார். ஹோல்ட் ஏரியின் தரையில் சில வட்டங்களை நிறுத்தி, அவற்றின் வழியே பார்க்கச் சொன்னார். எல்லையற்ற அந்தப் பாலையில் கண்ணுக்குப் பிடிமானம் கிடையாது. குழாய்க்குள் நின்று பார்க்கும்போது வட்டத்துக்குள் அகப்படும் ஒரு துண்டு மலை அளவு கொள்கிறது. அதன்மேல் நீர் கிழித்த கோடு தெரிகிறது. அந்தக் கோடு தலைக்குமேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எண்ணும்போது, நிற்பவர் நீரின் அடியில் நிற்கிறார்.

குழாய்களின் மேற்புறத்தில் துளைகள் இடப்பட்டுள்ளன. ஒவ்வொரு குழாயிலும் அவை ஒரு விண்மீன் கூட்டத்தின் அமைப்பில் உள்ளன. விண்மீனின் ஒளிக்கேற்பத் துளையும் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும். பகல் வெளிச்சம் அத்துளைகள் வழியே விழுந்து உட்புறச் சுவரில் ஒளிவட்டங்களாகின்றன. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நிழலில் அமர்ந்து, நண்பகலில் விண்மீன்களைக் காணலாம். அவர் தேர்ந்த நான்கு கூட்டங்கள் திரேகோ என்னும் நாகம், பெர்சியஸ் என்னும் வீரன், மகரம், கொலம்பா என்னும் புறா.

இந்தப் புறா எங்கிருந்து வந்தது? பண்டைய கிரேக்கர் வகுத்த கூட்டங்களில் அது இல்லை. 1592-இல் டச்சு வரைபட அறிஞர் பெத்ருஸ் பிளான்சியுஸ் அதனை வானில் புதிதாக வகுத்து, நோவாவின் புறா என்று பெயரிட்டார். கால் வைக்க இடமின்றிப் பேழைக்குத் திரும்பிய அதே புறா. பெருநீர் வடிந்துபோன ஓர் ஏரியின் தரையில், காங்கிரீட் சுவரின்மேல், வெயிலே அப்புறாவின் வடிவில் வந்து அமர்கிறது. பேழையைப் பற்றிய பேச்சு எதுவும் அங்கே இல்லை. அறிவிப்புப் பலகையும் இல்லை. வாசகருக்குரிய உரிமையோடு நாம் அதனைக் காண்கிறோம். கதிரவன் நகர நகர ஒளிப்புள்ளிகளும் சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, மெல்ல இடம் மாறுகின்றன.

இப்படைப்புக்கும் ஒரு கேடு வந்துள்ளது. குழாய் வாயில் கதிரவன் நிற்கும் புகைப்படம் அஞ்சலட்டைபோல் எங்கும் பரவிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு ஜூன் மாதத்தில் கூட்டம் கூடுகிறது. அக்கூட்டம் தேடுவது கதிரவனை மட்டுமே. மலைக்கோடுகளை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? இது ஹோல்ட்டின் பிழையன்று. ஆயினும் வட்டமும் சூரியனும் அவ்வளவு அழகாகப் பொருந்துமாறு செய்துவிட்டால், ஏரியை மறந்துவிடுவது எளிதாகிவிடுகிறது என்றும் சொல்லத்தான் வேண்டும்.

இனிச் சுருட்கரைக்குத் திரும்புவோம். ஏனெனில் அதன் கதை 1970-இல் முடியவில்லை. ஏரி தாழ்ந்திருந்த காலத்தில் அது கட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் மட்டம் உயர்ந்து அதனை மூழ்கடித்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அது நீருக்கடியில் இருந்தது. 1986-87-இல் ஏரி பதிவுகளிலேயே மிக உயர்ந்த மட்டத்தைத் தொட்டது. 2002-இல் வறட்சியின்போது சுருள் மீண்டும் தலைகாட்டிற்று. கரும்பாறை முழுவதும் வெள்ளை உப்புப் பூத்திருந்தது. அப்போது சிலர் இன்னும் கல் கொட்டி உயர்த்தினால் மறுபடி மூழ்காது என்று பேசினர். அப்பேச்சு இன்று வீணாகிவிட்டது. ஏரிக்கு வரும் கரடியாறு, வீபர், ஜோர்டான் ஆகிய ஆறுகளின் நீரை வயல்களும் நகரங்களும் எடுத்துக்கொள்கின்றன. வறட்சியும் ஏறிவரும் வெப்பமும் சேர்ந்துகொண்டன. 2022 நவம்பரில் ஏரி பதிவுகளிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கியது. உச்சத்துக்கும் இதற்கும் இடையே 23 அடி. காய்ந்த படுகையிலிருந்து கிளம்பும் தூசியில் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருப்பதால் சுற்றியுள்ள நகரங்களின் மக்கள் அஞ்சுகிறார்கள்.

போன்வில் ஏரி வற்றியதற்கு எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. அதன் மிச்சம் வற்றுவதற்கு அப்படிச் சொல்ல முடியாது. ஸ்மித்சன் மனிதருக்கு எட்டாத பெருங்காலத்தை நினைத்துக் கல் அடுக்கினார். அக்கற்கள் இப்போது நாற்பது ஐம்பது ஆண்டுகளின் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நம் ஊர்க் கண்மாய் மதகருகே நட்டிருக்கும் அளவுக்கல்லின் வேலையை அவை செய்கின்றன. கலைஞர் எண்ணாத வேலை. ஆனால் அவர் மட்டம் குறையவும் கூடவும் இடம்விட்டுக் கட்டியதால்தான் அது இயல்கிறது. சுவரெழுப்பி, மேடை போட்டு, என்றும் ஒரேமாதிரி தெரியும்படி செய்திருந்தால் கல் ஊமையாயிருக்கும். இந்த ஒன்றுக்காக, குறும்படத்தின் பிழைகளையெல்லாம் கருதிய பின்னும், சுருட்கரையைச் சிறந்த படைப்பென்றே ஏற்கிறோம். முன்பு நாம் கொண்டிருந்த ஏளனத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

கட்டியபோது சுருளின் உள்வளையங்களுக்குள் செந்நீர் நின்றது. அதன்மேல் நடப்பவர் இருபுறமும் நீரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அண்மை ஆண்டுகளில் வருபவர்கள் சுருளின் முனைவரை சென்று நிற்கிறார்கள். சுற்றிலும் உப்பும் மணலுமே. நீரைத் தொட விரும்புகிறவர் முனையைவிட்டு இறங்கி, ஏரியின் அடித்தளத்தின்மேல் இன்னும் நெடுந்தொலைவு நடக்கவேண்டியிருக்கிறது.